பெர்மிட் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: சிங்கப்பூர் வேலை விதி மாற்றங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சிங்கப்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனி அலுவலகத்தில் பெர்மிட் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மேசைக்கு அதிகம் வந்த கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எனக்கு ரினியூவல் போட்டாச்சா?" கேட்பவர் பெரும்பாலும் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்து ஆளாக இருப்பார். பெரும்பாலும் "போட்டாச்சுப்பா" என்று சொல்லிவிடுவேன். ஒரு முறை அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒன்பது வருடமாகச் சாரம் கட்டும் வேலை பார்த்தவர். அவர் வேலையில் ஒரு குறையும் கிடையாது. கம்பெனியில் இருந்த உள்ளூர் ஊழியர்கள் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள், அதனால் கோட்டா, அதாவது உள்ளூர் ஊழியர் எண்ணிக்கையை வைத்துக் கம்பெனிக்குக் கிடைக்கும் வெளிநாட்டவர் இடங்கள், சுருங்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: "அவங்க போனதுக்கு நான் ஏண்ணே போகணும்?"

நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்த வழிகாட்டி. சிங்கப்பூரின் விதிகள் பேசுவது முதலாளியிடம்: கோட்டா, லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை), உள்ளூர் ஊழியரின் சம்பளம் எல்லாம் அவர் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு பிசகினால் அடி விழுவது தொழிலாளியின் பெர்மிட் முடியும் நாளில். விதி மாறிய அன்றே யாரையும் விமானம் ஏற்றி அனுப்புவதில்லை. கையில் இருக்கும் பெர்மிட் முடியும்வரை விட்டுவைப்பார்கள், புதுப்பிக்கும்போது புது விதி வந்து நிற்கும். அதனால் எந்த அறிவிப்பைப் படித்தாலும் "இது எப்போது அமலுக்கு வருகிறது?" என்பதோடு "என் அட்டையின் தேதி அதற்கு முன்னா, பின்னா?" என்றும் சேர்த்துப் பாருங்கள்.

படி 1: கையில் இருப்பது எந்த அட்டை?

மூன்று வகை. ஒர்க் பெர்மிட்டுக்கு கோட்டா உண்டு, லெவி உண்டு, குறைந்தபட்சச் சம்பளம் பொதுவாகக் கிடையாது. நடுத்தரத் திறன் ஊழியருக்கான எஸ் பாஸுக்கு மூன்றும் உண்டு. எம்ப்ளாய்மென்ட் பாஸ், அதாவது இ பாஸுக்கு கோட்டாவும் இல்லை, லெவியும் இல்லை. சம்பள வரம்பையும் புள்ளிக் கணக்கையும் தாண்டினால் போதும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒர்க் பெர்மிட்டில் எல்லாத் துறைக்கும் போக முடியாது. கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை சார்ந்த பிராசஸ் துறை, இந்த மூன்றும்தான் நெடுங்காலமாகத் திறந்திருந்தவை. நம் ஆட்கள் பிசிஎம் (பிராசஸ், கன்ஸ்ட்ரக்‌ஷன், மரைன்) பெர்மிட் என்று சொல்வது இதைத்தான். உற்பத்தித் துறையும் சேவைத் துறையும் 2023 செப்டம்பர் 1 முதல்தான் கொஞ்சம் திறந்தன, அதுவும் ஒரு வேலைப் பட்டியலுக்குள் மட்டும். இந்திய உணவகச் சமையல்காரர், வெல்டர், தகடு வேலை செய்பவர், உணவு பதப்படுத்தும் ஊழியர், ஹோட்டல் அறை பராமரிப்பவர் போன்றவர்கள் அதில் வந்தார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் கனரக வாகன ஓட்டுநர்களும் தொழிற்சாலை இயந்திரம் இயக்குபவர்களும் சேர்க்கப்பட்டார்கள். சமையல்காரர் இந்திய உணவகத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டும் போனது. இந்தப் பட்டியலில் வருபவருக்கு மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். கம்பெனியின் மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டுக்கு மேல் இவர்கள் இருக்கக் கூடாது. 25 பேர் வேலை செய்யும் உணவகத்தில் இப்படி இரண்டு பேர்தான்.

சரி, இது எதற்கு உங்களுக்கு? ஊரில் ஒருவர் "சூப்பர்மார்க்கெட்ல பில் போடற வேலை, ஒர்க் பெர்மிட்" என்று இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆசை காட்டினால், பட்டியலில் அப்படி ஒரு வேலையே இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

படி 2: மாற்றம் எந்த மாதத்தில் காதில் விழும்?

சிங்கப்பூரில் இந்த விதிகள் திடீரென்று மாறுவது அபூர்வம். பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம் வரும். அதையொட்டி மனிதவள அமைச்சின் செலவு பற்றிய நாடாளுமன்ற விவாதம் நடக்கும். பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வெளியாகும், அமலாவது பல மாதம் கழித்து. கட்டுமானக் கோட்டாவைக் குறைக்கப்போவதாக 2022 வரவுசெலவுத் திட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். அது அமலானது 2024 ஜனவரி 1 அன்று. கிட்டத்தட்ட இரண்டு வருட அவகாசம். எத்தனையோ கம்பெனிகள் அந்த இரண்டு வருடத்தையும் தூங்கியே கழித்தன என்பது வேறு கதை.

ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழான தமிழ் முரசில் மனிதவளச் செய்திகளை விடாமல் படியுங்கள். அமைச்சின் இணையதளத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் பாதி போன வருடத்து விதியாக இருக்கும். இங்கே நான் தரும் எண்களுக்கும் தேதி போட்டிருக்கிறேன். விண்ணப்பம் போடும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கோட்டாக் கணக்கு

இதை முதலாளியைப் போலவே தொழிலாளியும் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுமானத்தில் முன்பு ஓர் உள்ளூர் ஊழியருக்கு ஏழு வெளிநாட்டவர் வைத்துக்கொள்ளலாம். 2024 ஜனவரி 1 முதல் ஐந்துதான். பிராசஸ் துறைக்கும் அதே நாளில் அதே குறைப்பு. கப்பல் பட்டறையில் 2026 ஜனவரி 1 முதல் மூன்றரையிலிருந்து மூன்று. உற்பத்தித் துறையில் வெளிநாட்டவர் மொத்த ஆட்களில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, சேவைத் துறையில் 35.

ஆறு உள்ளூர் ஊழியர் உள்ள கட்டுமானக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விதியில் 42 பேர், புது விதியில் 30 பேர். ஏற்கெனவே 42 பேர் இருந்தால் அவர்களை உடனே அனுப்பச் சொல்லவில்லை. பெர்மிட் முடிய முடிய, கூடுதலாக இருப்பவர்களைப் புதுப்பிக்க முடியாது, புது ஆளும் எடுக்க முடியாது. அந்த 12 பேர் யார்? பெர்மிட் யாருக்கு முதலில் முடிகிறதோ அவர்கள். நல்ல வேலைக்காரரா, பத்து வருட அனுபவமா என்று விதி பார்ப்பதில்லை.

இப்போது அந்த ஆறில் இரண்டு பேர் வேலையை விட்டால்? நான்கை ஐந்தால் பெருக்கினால் 20. பத்து இடம் போச்சு. எஸ் பாஸில் இருப்பவர்களும் இந்த 20க்குள்தான். சாரம் கட்டுபவர் கேட்ட கேள்விக்கு எண்களில் பதில் இதுதான்.

உள்ளூர் ஊழியர் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும். அவர்களுக்குக் கட்டும் மத்திய சேம நிதியை (நம் ஊர் பிஎஃப் போன்றது) வைத்து, கடந்த மூன்று மாதச் சராசரியில் கோட்டா போடப்படும். அதனால் ஒருவர் இன்று விலகினால் அடி நாளைக்கே விழாது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதேபோல இன்று ஒருவரைச் சேர்த்தால் முழுப் பலன் உடனே கிடைக்காது. பல முதலாளிகள் சறுக்குவது இந்த இரண்டாவது இடத்தில்தான். பெர்மிட் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அவசரமாக உள்ளூர் ஆள் தேடுவார்கள். தாமதம்.

உள்ளூர் ஊழியரை முழு ஆளாக எண்ண ஒரு சம்பள வரம்பும் உண்டு. 2024 ஜூலை 1 அன்று அது 1,400 வெள்ளியிலிருந்து 1,600 ஆனது. வரம்பில் பாதியாவது வாங்கி, முழு வரம்பை எட்டாத பகுதிநேர ஊழியர் அரை ஆள். வெளிநாட்டவரை வைத்திருக்கும் கம்பெனி முழுநேர உள்ளூர் ஊழியருக்கு இந்த வரம்புக்குக் கீழே தரவே கூடாது. அதாவது அலுவலகத்தில் டீ போட்டுக் கொடுக்கும் அக்காவின் சம்பளம், சைட்டில் ஐந்து பேரின் பெர்மிட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த அக்காவுக்கு 100 வெள்ளி கூட்டிக் கொடுக்க மூக்கால் அழுத ஒரு முதலாளியை எனக்குத் தெரியும். ஐந்து பேரை இழந்த பிறகுதான் அவருக்குக் கணக்குப் புரிந்தது.

குறுக்கு வழி தேடுபவர்களும் இருக்கிறார்கள். வேலைக்கே வராத மாமா, அத்தை பெயரில் சேம நிதி கட்டி, கோட்டாவை ஊதிக் காட்டுவது. இது குற்றம். பிடிபட்டால் முதலாளிக்கு வழக்கு, அந்தக் கோட்டாவில் வந்தவர்களின் பெர்மிட்டும் ஆட்டம் கண்டுவிடும். அலுவலகத்தில் ஒருபோதும் பார்த்திராத பத்து பேருக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பது தெரிந்தால், வேறு கம்பெனி பார்க்கத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

படி 4: லெவியும் ஸ்கில்லும்

லெவி என்பது வெளிநாட்டு ஊழியர் ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசுக்கு மாதாமாதம் கட்டும் தீர்வை. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு காசும் இதற்காகப் பிடிக்கக் கூடாது. ஒர்க் பெர்மிட்டுக்கு அரசிடம் வைக்கும் 5,000 வெள்ளிப் பிணையத்துக்கும் அதே கதைதான்.

2024 ஜனவரி 1 முதல் கட்டுமானத்தில் அடிப்படைத் திறன் உள்ள இந்தியத் தொழிலாளிக்கு மாதம் 900 வெள்ளி, உயர் திறன் உள்ளவருக்கு 500 வெள்ளி லெவி. வித்தியாசம் மாதம் 400, இரண்டு வருடப் பெர்மிட்டுக்கு 9,600. முதலாளியின் கண்ணில் உங்களை மலிவாக்குவதும் விலை உயர்த்துவதும் உங்கள் சம்பளத்தைவிட இந்த வித்தியாசம்தான் என்று சொல்வேன்.

ஊரில் "டெஸ்ட் அடிச்சுட்டுப் போறது" என்று சொல்லும் ஸ்கில் தேர்வு உங்களை அடிப்படைத் திறனில்தான் கொண்டுபோய் நிறுத்தும். அதற்கு மேலே ஏறப் பல வழிகள் உண்டு. கட்டட, கட்டுமான ஆணையத்தின் உயர்நிலைத் தேர்வுகள் ஒன்று. சிங்கப்பூர்க் கட்டுமானத்தில் ஆறு வருட அனுபவமும் மாதம் 1,600 வெள்ளி நிலையான சம்பளமும் இருந்தால் கிடைக்கும் அங்கீகாரம் இன்னொன்று. இந்த இரண்டாவது வழியைக் கொஞ்சம் யோசியுங்கள். ஆறு வருடம் ஆன ஒருவருக்கு 1,400 வெள்ளி கொடுத்துக்கொண்டிருக்கும் முதலாளி, 200 வெள்ளி கூட்டிக் கொடுத்தால் லெவியில் 400 மிச்சம். சம்பள உயர்வு கேட்கப் போகும்போது "குடும்பம் கஷ்டம்ணே" என்று தொடங்காமல், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நான் இருந்த அலுவலகத்தில் அப்படி வந்த ஒருவருக்கு அந்த வாரமே சம்பளம் கூடியது.

கட்டுமான ஒர்க் பெர்மிட்காரர்களில் குறைந்தது பத்தில் ஒருவர் உயர் திறன் உள்ளவராக இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆகவே சான்றிதழ் உள்ளவரை முதலாளி எளிதில் விடமாட்டார்.

படி 5: வயதும் மருத்துவச் செலவும்

2025 ஜூலை 1 அன்று ஒரு பெரிய தடை விலகியது. அதுவரை ஒர்க் பெர்மிட்டில் ஒருவர் மொத்தம் இத்தனை வருடம்தான் வேலை செய்யலாம் என்று, திறனையும் துறையையும் பொறுத்து 14 முதல் 26 வருடம் வரை உச்ச வரம்பு இருந்தது. அது போய்விட்டது. வேலை செய்யக்கூடிய வயது 60லிருந்து 63 ஆனது. புதிதாக விண்ணப்பிப்பவர் 61 வயதுக்குக் கீழே இருந்தால் போதும். "எனக்கு வருஷம் முடிஞ்சு போச்சு" என்று ஊர் திரும்பி டீக்கடை வைத்திருக்கும் எத்தனையோ பேருக்கு மறுபடி கதவு திறந்தது.

ஆனால் அதே நாளில் இன்னொரு மாற்றமும் வந்தது. தொழிலாளிகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிக் கட்டணம். 2023 ஜூலை 1 முதலே காப்பீட்டின் ஆண்டு வரம்பு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 ஆகியிருந்தது. 15,000க்கு மேல் போகும் பில்லில் 25 விழுக்காட்டை முதலாளி ஏற்க வேண்டும். 40,000 வெள்ளிக்கு ஓர் அறுவை சிகிச்சை என்றால், முதல் 15,000 காப்பீட்டில் வரும், மீதி 25,000இல் முதலாளி பங்கு 6,250. தொழிலாளிக்கு இது பெரிய பாதுகாப்பு. முன்பெல்லாம் 15,000ஐத் தாண்டினால் மொத்தமும் முதலாளி தலையில் விழும், அவர் கையை விரித்தால் நோயாளி நடுவில் நிற்பார். ஆனால் 52 வயதுக்காரரை எடுக்கலாமா என்று முதலாளி யோசிக்கும்போது இந்த இரண்டு விதியும் சேர்ந்துதான் அவர் மனதில் ஓடும். வயது வரம்பு தளர்ந்ததை மட்டும் சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்டிடம் கவனமாக இருங்கள். விண்ணப்பிக்கத் தகுதி வேறு, ஒரு கம்பெனி எடுக்கத் தயாராக இருப்பது வேறு.

படி 6: எஸ் பாஸ்

டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்களின் கனவு இது. முதலாளிக்கு இதன் விலை எப்படி ஏறியது என்று பாருங்கள். 2022 ஆகஸ்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2,500 வெள்ளி, எஸ் பாஸ்காரர் பங்கு குறைவாக உள்ள கம்பெனிக்கு லெவி 330. மொத்தம் 2,830. அப்புறம் 2022, 2023, 2025 என மூன்று செப்டம்பர்களில் இரண்டும் ஏறின. 2025 செப்டம்பர் 1 முதல் சம்பளம் 3,300, லெவி 650. மொத்தம் 3,950. ஒரே ஆளுக்கு மாதம் 1,120 வெள்ளி கூடுதல். வயது ஏற ஏறச் சம்பள வரம்பும் ஏறும்; நிதித் துறையில் இன்னும் அதிகம். ஏற்கெனவே எஸ் பாஸில் இருப்பவர்களுக்குப் புதிய சம்பளம் 2026 செப்டம்பர் 1 முதல் முடியும் பாஸ்களைப் புதுப்பிக்கும்போது பொருந்தும். உங்கள் பாஸ் 2026 ஆகஸ்டில் முடிகிறதா அக்டோபரில் முடிகிறதா என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று இப்போது தெரியும்.

எஸ் பாஸுக்கு உள் கோட்டா வேறு. சேவைத் துறையில் மொத்த ஆட்களில் 10 விழுக்காடு, மற்றவற்றில் 15. பத்துப் பேர் உள்ள கடையில் ஓர் எஸ் பாஸ். அந்த ஓர் இடத்தைத்தான் ஏஜென்டுகள் லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள்.

இந்த விலையேற்றத்தால் பெருகிய தப்பு ஒன்று உண்டு. அமைச்சுக்கு 3,300 என்று காட்டி, வங்கியில் 3,300 போட்டு, மறுநாள் 800, 1,000 என்று கையில் திருப்பி வாங்குவது. அல்லது வேலை கொடுத்ததற்கு மொத்தமாக ஒரு தொகை வாங்குவது. இரண்டும் குற்றம். வேலை கொடுக்கப் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பொய்ச் சம்பளம் காட்டுவது தனிக் குற்றம். தெரிந்தே உடந்தையாக இருந்தால் தொழிலாளியும் மாட்டுவார், அதன் பிறகு சிங்கப்பூரில் வேலை கிடைப்பது கஷ்டம். "எல்லாரும் செய்யறதுதானே" என்று அறையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால், பணம் எடுத்த ஏடிஎம் ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த மெசேஜ் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

படி 7: இ பாஸும் 40 புள்ளியும்

இங்கே முதலில் சம்பள வரம்பு. 2025 ஜனவரி 1 முதல் புது விண்ணப்பத்துக்கு 5,600 வெள்ளி, நிதித் துறைக்கு 6,200. புதுப்பித்தலுக்கு இது 2026 ஜனவரி 1 முதல். வயதோடு ஏறி, நாற்பதுகளின் நடுவில் 10,700 வரை போகும். அதைத் தாண்டினால் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கு. 2023 செப்டம்பர் 1 முதல் புதியவர்களுக்கு, 2024 செப்டம்பர் 1 முதல் புதுப்பிப்பவர்களுக்கு.

நான்கு அடிப்படை அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. துறையின் உள்ளூர்ச் சம்பளங்களோடு ஒப்பிட்டு உங்கள் சம்பளம், உங்கள் படிப்பு, கம்பெனியில் உங்கள் நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர் வல்லுநர்களுக்கு எவ்வளவு இடம் தருகிறார்கள். தேவை 40. ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளின் பட்டியலில் உங்கள் வேலை இருந்தாலோ, அரசின் பொருளாதார முன்னுரிமைத் திட்டங்களில் கம்பெனி இருந்தாலோ கூடுதல் புள்ளி உண்டு. மாதம் 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ வாங்குபவருக்கு இந்தத் தேர்வே இல்லை.

நம் ஆட்களுக்கு இடிப்பது மூன்றாவது. அலுவலக வல்லுநர்களில் உங்கள் நாட்டவர் 25 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 0. பட்டதாரி, 10. சம்பளம் துறையின் உள்ளூர் வல்லுநர்களில் 65 விழுக்காட்டினரைவிட மேலே, ஆனால் உச்சப் பத்து விழுக்காட்டுக்குக் கீழே, 10. உள்ளூர் வல்லுநர்களுக்குத் தரும் இடம் நடுத்தரம், 10. மொத்தம் 30, தோல்வி. தமிழர், தெலுங்கர், பஞ்சாபி எல்லாரும் இங்கே ஒரே நாட்டவர் என்பது நினைவிருக்கட்டும். நண்பரின் பரிந்துரையில் நண்பர், அவர் பரிந்துரையில் மைத்துனர் என்று வளர்ந்த ஐடி கம்பெனிகள் இதில்தான் மூச்சுத் திணறுகின்றன. வல்லுநர்கள் 25க்குக் குறைவாக உள்ள சிறு கம்பெனிக்கு மூன்றாவதிலும் நான்காவதிலும் தானாகவே பத்துப் பத்து கிடைக்கும். ஆகவே பட்டமும் சம்பளத்துக்கான பத்துப் புள்ளியும் இருந்தால் சரியாக 40. ஆனால் 25வது ஆளை எடுக்கும் நாளில் இந்தச் சலுகை போய்விடும். வளர்ந்துவரும் கம்பெனி முதலாளிகள், அடுத்த ஆளை எடுக்கும் முன் பழையவர்களின் புதுப்பித்தலை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அமைச்சின் தளத்தில் அதற்கு இலவசச் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது.

இ பாஸ், எஸ் பாஸ் இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் முன் அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள் விளம்பரம் போட வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான கம்பெனிக்கு இதில் விலக்கு உண்டு.

படி 8: ஊரிலிருந்து கிளம்பும் முன்

ஐபிஏ கடிதம் வராமல் பணமும் தராதீர்கள், பெட்டியும் கட்டாதீர்கள். அது அமைச்சின் முதற்கட்ட அனுமதி. தொழிலாளிக்கு அவருக்குப் புரியும் மொழியில் ஒரு பிரதி, கிளம்பும் முன்பே தர வேண்டியது முதலாளியின் கடமை, தமிழிலும் வரும். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஏஜென்ட் வாயில் 900 வெள்ளி, கடிதத்தில் அடிப்படை 500, மீதி படி என்று வந்தால் ஓவர்டைம் கணக்கில் நஷ்டம் உங்களுக்குத்தான், ஏனென்றால் ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துப் போடப்படும். கடிதத்தில் உள்ள சம்பளத்தை உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதமும் அமைச்சுக்குத் தகவலும் இல்லாமல் பிறகு குறைக்க முடியாது. அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உங்கள் போனிலும், வீட்டில் ஒருவர் போனிலும் வையுங்கள்.

பணம் எவ்வளவு? சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். இந்தியாவில் பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு ஏஜென்டுக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். ஊரில் கேட்கும் தொகைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. சவூதிக்கோ மலேசியாவுக்கோ போகும் பத்தாம் வகுப்பு முடிக்காத தொழிலாளியின் ஒப்பந்தத்தை அரசு அலுவலகம் ஒருமுறை பார்க்கும். சிங்கப்பூர் போகிறவருடையதை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே நீங்களேதான் பார்க்க வேண்டும். ஏஜென்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் தேடலாம், சிங்கப்பூர் ஏஜென்சியை அமைச்சின் தளத்தில் தேடலாம். இரண்டும் பத்து நிமிட வேலை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நேரடியாக ஆள் எடுக்கும் அறிவிப்புகளையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: புதுப்பித்தல் நாட்காட்டி

பெர்மிட் முடிய ஆறு மாதம் இருக்கும்போது தொழிலாளி செய்ய வேண்டியது இரண்டு. பாஸ்போர்ட் தேதியைப் பார்ப்பது, ஸ்கில் தகுதியை உயர்த்த வழி உண்டா என்று கேட்பது. முதலாளி செய்ய வேண்டியது ஒன்று: அடுத்த ஆறு மாதத்தில் யார் யாருக்குப் பெர்மிட் முடிகிறது என்ற பட்டியலுக்குப் பக்கத்தில், உள்ளூர் ஊழியரில் யார் யார் விலகக்கூடும் என்ற பட்டியலை வைப்பது. என் அனுபவத்தில் இந்த இரண்டு தாளையும் ஒரே மேசையில் பார்க்கும் கம்பெனிகள் குறைவு. முதல் தாள் பெர்மிட் பார்ப்பவரிடம் இருக்கும், இரண்டாவது கணக்காளரிடம்.

மூன்று மாதம் இருக்கும்போது நேராகக் கேட்டுவிடுங்கள்: "எனக்குப் புதுப்பிக்கிறீர்களா?" கூச்சப்படாதீர்கள். முடியாது என்றால் இப்போதே தெரிவது நல்லது.

அப்புறம் வருவதுதான் முக்கியமான இடைவெளி. பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும்வரை, இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்பு என்றால் பழைய முதலாளியின் சம்மதம் வேண்டும். இந்த இருபது நாளில் வேலை தேடத் தொடங்கினால் காலம் போதாது, தேடி வைத்திருந்த வேலைக்கு விண்ணப்பம் போடுவதற்கான நாட்கள் இவை. புது முதலாளிக்கும் கோட்டா இருக்க வேண்டும் என்பதால் "இடம் இருக்கா?" என்று கேட்காமல் "கோட்டா இருக்கா?" என்று கேளுங்கள். அந்தச் சாரம் கட்டுபவர் இப்படித்தான் வேறு கம்பெனிக்கு மாறினார். அவரிடம் உயர் திறன் சான்று இருந்தது, புது முதலாளிக்கு அந்தப் பத்தில் ஒருவர் கணக்குக்கு ஆள் தேவைப்பட்டது.

முதலாளி "போட்டாச்சு" என்று சொன்னாலும் நீங்களே பாருங்கள். அமைச்சின் தளத்திலும் செயலியிலும் பெர்மிட்டின் நிலை தெரியும். லெவி கட்டாத கம்பெனியில் உங்களுக்குத் தெரியாமலே பெர்மிட் ரத்தாகியிருக்கலாம். ரத்தானது தெரியாமல் சைட்டில் வேலை செய்துகொண்டிருந்தால் சிக்கல் பெரிதாகும்.

படி 10: சம்பளம் வராமல் போனால்

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம் வர வேண்டும். விவரம் போட்ட சம்பளச் சீட்டும் தர வேண்டும். கோட்டா இழந்து தள்ளாடும் கம்பெனி முதலில் நிறுத்துவது பெரும்பாலும் ஓவர்டைம் பணத்தைத்தான். இரண்டு மாதம் தொடர்ந்து தள்ளிப்போனால் மூன்றாவது மாதத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

முறையிட வேண்டிய இடம் சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி, ஆங்கிலச் சுருக்கத்தில் டாடம் என்பார்கள். முதலில் சமரசப் பேச்சு, ஒத்துவராவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். வேலையில் இருந்தால் சம்பளம் தவறிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். "ஊருக்குப் போ, அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லி டிக்கெட் கையில் கொடுக்கும்போது இந்த ஆறு மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வழக்கு நடத்துவது எளிதல்ல. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் தமிழில் பேசி உதவி கேட்கலாம். உண்மையான சம்பளப் புகார் உள்ளவர்கள் வேறு முதலாளியிடம் மாற அமைச்சு அனுமதிப்பதும் உண்டு. புகார் கொடுத்தாலே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அறைப் பேச்சு அதனால் முழு உண்மையல்ல. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருந்தால் அதுவும் சட்டப்படி தவறு, முறையிடும்போது சேர்த்தே சொல்லுங்கள்.

போகும்போது கையில் என்ன கொண்டுபோவது? ஐபிஏ கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை. இதெல்லாம் இல்லாவிட்டாலும், தினமும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, எந்த சைட் என்று நீங்களே எழுதிவைத்த ஒரு சின்ன நோட்டு. தேதி விடாமல் எழுதியிருந்தால் அதையும் ஆதாரமாகக் காட்டலாம். லிட்டில் இந்தியாவில், நாம் தேக்கா என்று சொல்லும் இடத்தில், ஒரு வெள்ளி, ஒன்றரை வெள்ளிக்கு அந்த நோட்டு கிடைக்கும். இன்றைய தேதியிலிருந்தே தொடங்குங்கள்.